சுவரைத் தொடும் முன் காற்றை அளந்து பாருங்கள்

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டு காலத்துச் சுவரோவியங்கள் அருகருகே இருக்கின்றன. கருவறையைச் சுற்றியுள்ள இருட்டு உள்சுற்றில் இருப்பவை சோழர் காலத்தவை, வயது ஆயிரம். வெளியே, திருச்சுற்று மாளிகையின் சுவர்களில் இருப்பவை மராட்டியர் காலத்தவை. பல நூற்றாண்டுகள் இளையவை. வயதுக் கணக்குப்படி முதலில் போயிருக்க வேண்டியவை உள்ளே இருப்பவைதான். ஆனால், சுந்தரரும் சேரமான் பெருமாளும் கயிலைக்குச் செல்லும் காட்சியில் யானையின் நடையும் குதிரையின் வேகமும் இன்றைக்கும் கண்ணுக்குத் தெரிகின்றன. வெளி மாளிகையிலோ பல இடங்களில் வண்ணம் போய், வெறும் சுண்ணாம்புப் பூச்சுதான் மிச்சம்.

இதற்குக் காரணம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். பக்தர்களின் கை பட்டது, பெயர் கிறுக்கினார்கள், வெள்ளையடித்தார்கள், விளக்குப் புகை படிந்தது. எல்லாமே உண்மைதான். உள்ளே இருந்த ஓவியத்துக்கு வேறு சில பாக்கியங்களும் இருந்தன. ஈரச் சுண்ணாம்புப் பூச்சு காய்வதற்குள் வண்ணம் தீட்டும் முறையில் அது வரையப்பட்டது என்பதைச் சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ்.பரமசிவன் 1930-களிலேயே ஆய்ந்து சொன்னார். அந்த முறையில் வண்ணம் சுண்ணாம்போடு சேர்ந்து கல்லாகவே இறுகிவிடும். போதாததற்கு, நாயக்கர் காலத்தில் அதன் மேலேயே இன்னொரு பூச்சுப் பூசி வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அந்த மேல் பூச்சு உதிர்ந்த இடத்தில் அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே.கோவிந்தசாமி கண்டார். பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியல் பிரிவினர் நாயக்கர் ஓவியப் படலத்தைப் பக்குவமாகப் பிரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் ஏற்றி, இரண்டையும் காப்பாற்றினார்கள். நம்மூரில் நடந்த பாதுகாப்புப் பணிகளில் மெச்சத்தக்கவற்றுள் ஒன்று அது.

ஆனால், அதிகம் பேசப்படாத ஒரு காரணம் உண்டு: உள்சுற்றின் காற்று. இருபுறமும் கனத்த கருங்கல் சுவர். தலைக்கு மேல் கோபுரமாக எழும்பும் கல்லின் பாரம். சித்திரை வெயிலின் சூடு அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே வருவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். இரவின் குளிரும் அப்படியே பிந்தித்தான் வரும். வெளியே பகலுக்கும் இரவுக்கும் பத்து, பன்னிரண்டு டிகிரி வித்தியாசம் இருக்கும் நாளிலும் உள்ளே வெப்பம் அவ்வளவாக அசையாது. திருச்சுற்று மாளிகைக்கு அந்தக் காப்பு இல்லை. காலை வெயில், மாலைச் சாரல், ஐப்பசி அடைமழை, தை மாதத்துப் பனி எல்லாம் அதன் தூண்களுக்கு இடையே தாராளமாகப் புகுந்து சுவரைத் தொட்டுவிட்டுப் போகின்றன. ஊர் ஒன்று, மழை ஒன்று, வெயில் ஒன்று. ஓவியத்துக்கு மட்டும் இரண்டு பருவநிலைகள்.

சுவரோவியப் பாதுகாப்பு என்றதும் நம் அதிகாரிகளின் மனக்கண்ணில் வருவது தூரிகையும் ரசாயனப் புட்டியுமாகச் சாரத்தில் உட்கார்ந்திருக்கும் நிபுணர்தான். செலவுத் திட்டமும் அவரைச் சுற்றியே எழுதப்படுகிறது. என் கட்சி வேறு. ஓவியத்தை அழிப்பதும் காப்பதும் சுவரை ஒட்டிய ஒரு சாண் காற்று. அதை அளக்காமல் சுவரில் கை வைப்பது, நல்லெண்ணத்தோடு செய்தாலும், குருட்டு வைத்தியம்.

மழைதான் எதிரி என்று நினைப்பது இயல்பு. அப்படியானால் மழை குறைந்த ஊர்களில் ஓவியங்கள் பத்திரமாகவும், மழை மிகுந்த ஊர்களில் பாழாகவும் இருக்க வேண்டும். நடப்பில் அப்படி இல்லை. இதைப் புரிந்துகொள்ளச் சமையலறைக் கல்லுப்பு ஜாடியே போதும். கோடையில் பொலபொலவென்று இருக்கும் உப்பு கார்த்திகையில் நீர் விடுகிறது. மழை ஜாடிக்குள் பெய்யவில்லை. காற்றின் ஈரப்பதம் ஏறியது, அவ்வளவுதான். சாதாரண உப்பு ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதத்தில் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரையும். ஈரப்பதம் அதற்குக் கீழே இறங்கினால் மறுபடி படிகமாகும். இதே உப்பு சுவர்ப் பூச்சின் நுண்துளைகளுக்குள் இருந்தால்? கரையும்போது தீங்கில்லை. படிகமாகும்போதுதான் விபரீதம். வளரும் படிகம் துளையின் சுவர்களை நெருக்கித் தள்ளுகிறது. பூச்சின் வெளிப்பரப்பில் படிகமானால் வெள்ளையாக உப்புப் பூக்கும். உலர்ந்த மெல்லிய தூரிகையால் தள்ளிவிடலாம். வண்ணத்துக்கு அடியில் படிகமானால் வண்ணம் பொருக்காக எழும்பி உதிரும். அதைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது.

ஆகவே ஒரு சுவர் ஆண்டு முழுக்க 85 சதவீத ஈரப்பதத்தில் கிடந்தால் பூஞ்சை வரலாம், பாசி வரலாம். உப்பால் அவ்வளவு கேடில்லை. ஆண்டு முழுக்க 50 சதவீதத்தில் கிடந்தாலும் சிக்கலில்லை. காலையில் 85, பிற்பகலில் 55, மறுநாள் காலையில் மறுபடி 85 என்று தினமும் அந்த 75 என்ற கோட்டைத் தாண்டித் தாண்டி வரும் சுவர்தான் பரிதாபம். கடலோர மாவட்டங்களில் ஆண்டின் பெரும்பகுதி நடப்பது இதுதான். ஒவ்வொரு முறை தாண்டித் திரும்பும்போதும் உப்பு ஒருமுறை கரைந்து ஒருமுறை முளைக்கிறது. மழையே பெய்யாத நாளிலும் இந்த அறுவடை நிற்பதில்லை.

ராமநாதபுரம் அரண்மனையின் இராமலிங்க விலாசத்தை எடுத்துக்கொள்வோம். மாநிலத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் இந்த மண்டபத்தின் உட்சுவர்கள் முழுக்க 18-ம் நூற்றாண்டின் முற்பகுதியில் தீட்டிய ஓவியங்கள். மராட்டியரோடு நடந்த போர், ராமாயணம், சேதுபதி மன்னரின் அரண்மனை வாழ்க்கை, அவரைக் காணவந்த ஐரோப்பியர்கள் என்று தென் தமிழகத்தின் ஒரு காலகட்டமே அங்கே இருக்கிறது. ராமநாதபுரம் வறண்ட மாவட்டம். தண்ணீரில்லாக் காட்டுக்கு மாற்றல் என்று அரசு ஊழியர்கள் அலுத்துக்கொண்ட ஊர். ஆனால், கடல் அதிகத் தொலைவில் இல்லை. காற்றில் வரும் உப்புத்துகள் சுவரில் படிகிறது. தரையிலிருந்து ஏறும் ஓதம் நிலத்தடி உப்பையும் சேர்த்துக்கொண்டு வருகிறது. பகல் வெயிலில் காற்று உலர்கிறது, மாலைக் கடற்காற்றில் ஈரமாகிறது. மழை குறைவு என்பதால் அந்தச் சுவரில் வந்து சேர்ந்த உப்பு கழுவப்பட்டுப் போகவும் வழியில்லை. வறட்சி அங்கே ஓவியத்துக்குத் துணை அல்ல.

நேர் எதிரே பத்மநாபபுரம். கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்துகொண்டு கேரள அரசின் பராமரிப்பில் இருக்கும் இந்த அரண்மனையின் உப்பரிகை மாளிகையில், மேல்தளத்தில், பழைய சுவரோவியங்கள் உள்ளன. தென்மேற்கும் வடகிழக்கும் ஆக இரண்டு பருவமழைகளும் கொட்டும் மண். காற்று எப்போதும் ஈரம். இருந்தும் அவை நின்றதற்கு அந்தக் கட்டடத்தின் சாமர்த்தியத்துக்குப் பெரும்பங்கு உண்டு: சரிந்த ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி வெகுதூரம் நீளும் தாழ்வாரம், காற்றை விட்டு வெயிலையும் சாரலையும் தடுக்கும் மரச் சாளரம். தரையிலிருந்து உயரத்தில் இருப்பதால் மண்ணின் ஓதம் எட்டுவதில்லை. ஈரப்பதம் அதிகம், ஆனால் ஏற்ற இறக்கம் குறைவு. அங்கே கவலை உப்பு அல்ல, பூஞ்சையும் பூச்சியும். குற்றாலம் சித்திர சபையிலும் ஏறத்தாழ அதே கவலைதான். ஆனி, ஆடிச் சாரலில் அந்த ஊரில் துணியே காயாது. சுவர் எப்படிக் காயும்?

இனி சித்தன்னவாசல். தமிழ்நாட்டுச் சுவரோவியம் என்றால் பாமரருக்கும் தெரிந்த பெயர். 9-ம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இங்குள்ள அறிவர் கோயில் என்ற குடைவரையைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கிறது. விதானத்தில் தாமரைக் குளம், தூண்களில் ஆடல் மகளிர், ஓர் அரசனும் அரசியும். இன்று போய்ப் பார்க்கிறவர்களில் பாதிப்பேர் ஏமாற்றத்தோடு திரும்புகிறார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. பாடப்புத்தகப் படத்தில் பார்த்த தாமரைக்கும் தலைக்கு மேல் இருக்கும் தாமரைக்கும் அத்தனை தூரம்.

புதுக்கோட்டை வெயிலில் நாள் முழுக்கக் காயும் மொட்டைப் பாறை அது. கருங்கல்லும் சுண்ணாம்புப் பூச்சும் சூட்டில் விரிவதிலும் குளிரில் சுருங்குவதிலும் ஒரே அளவுடையவை அல்ல. ஆயிரம் ஆண்டு காலையும் மாலையும் விரிந்து சுருங்கினால் பூச்சுக்கும் பாறைக்கும் இடையிலுள்ள பிடி விடுகிறது. பிடி விட்ட இடம் பொள்ளலாகிறது. பொள்ளல் ஒருநாள் கொத்தாக விழுகிறது. பொதுவாகக் குடைவரைகளில் கூரை ஒழுகாது. பாறை வெடிப்பில் மட்டும் நீர் கசியும். அந்தக் கசிவு எந்த வெடிப்பில், எந்த மழைக்கு, எத்தனை மணி நேரம் கழித்து வருகிறது என்று குறித்து வைப்பதுதான் அங்கே செய்ய வேண்டிய முதல் வைத்தியம்.

சித்தன்னவாசலில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் ஒரு விஷயம் உண்டு. குடைவரைக்கு முன்னால் இப்போது நிற்கும் தூண் வரிசை பாண்டியர் வைத்ததல்ல. 20-ம் நூற்றாண்டில் புதுக்கோட்டை சமஸ்தானம் குடுமியான்மலையிலிருந்து தூண்களைக் கொண்டுவந்து அமைத்தது. அழகியல் நோக்கில் அதைக் குறை சொல்வோர் உண்டு. ஆனால், நேர் வெயிலையும் சாய்வாக அடிக்கும் மழையையும் ஓவியத்திலிருந்து சில அடி தள்ளி நிறுத்தியது அந்த முகப்பு. அதற்காக ஓவியத்தை யாரும் தொடவில்லை. சுவரோரக் காற்றைத்தான் மாற்றினார்கள். சமஸ்தானத்துக்குப் புரிந்தது இது.

உள்ளே இருக்கும் கருவறை பத்தடிக்கும் குறைந்த சதுரம். மூச்சை இழுத்து ஓங்காரம் சொன்னால் அறை முழுக்க அதிரும் என்பதால் சுற்றுலா வருகிறவர்கள் அங்கே நின்று முனகிப் பார்க்காமல் போவதில்லை. சும்மா நிற்கும் ஒரு மனிதர் மணிக்குச் சுமார் 50 கிராம் நீராவியை மூச்சாலும் வியர்வையாலும் வெளியிடுகிறார். ஏறத்தாழ 100 வாட் வெப்பத்தையும் விடுகிறார். விடுமுறை நாளில் பள்ளிக்கூடப் பேருந்து ஒன்று வந்து இறங்கினால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம். குழந்தைகள் வரக் கூடாது என்று சொல்லவில்லை. எத்தனை பேர், எவ்வளவு நேரம், எந்த மாதம் என்பதற்கு விடை கருவியிடம் இருக்கிறது. காவலாளியின் விசிலிடம் இல்லை.

இந்த விடையைக் கருவியிடம் கேட்டவர்கள் இருக்கிறார்கள். சீனாவின் துன்ஹுவாங் அருகே, கோபி பாலைவன விளிம்பில், மொகாவோ குகைகள் இருக்கின்றன. ஓவியம் தாங்கிய குகைகள் மட்டும் 490-க்கு மேல். அங்கே ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையைச் சேர்த்தாலும் 4 சென்டிமீட்டர் அளவுதான். நம்மூரில் ஒரு நல்ல ஐப்பசி மாலையில் அவ்வளவு பெய்துவிடும். இவ்வளவு வறண்ட இடத்திலும் ஓவியங்கள் உப்பால் உதிர்ந்தன. துன்ஹுவாங் அகாதமியும் அமெரிக்காவின் கெட்டி பாதுகாப்பு நிறுவனமும் 1989 முதல் சேர்ந்து வேலை செய்தன. மண் பூச்சில் தேங்கியிருந்த உப்பு, வெளியே மழை பெய்யும் அபூர்வ நாட்களில் கதவு வழியாக நுழையும் ஈரக் காற்றையும் பார்வையாளர்களின் மூச்சையும் இழுத்துக்கொள்வதை ஆண்டுக்கணக்கில் அளந்து கண்டுபிடித்தார்கள். அதன் பிறகே எல்லை வகுத்தார்கள்: குகைக்குள் ஈரப்பதம் 62 சதவீதத்தையோ, கரியமில வாயு பத்து லட்சத்தில் 1,500 பங்கையோ தாண்டினால் அந்தக் குகைக்கு ஓய்வு. 2014-ல் திறந்த பார்வையாளர் மையத்தில் முதலில் திரைப்படம் காட்டி, பிறகுதான் அளவான எண்ணிக்கையில் குகைக்கு அனுப்புகிறார்கள்.

இதைப் படித்துவிட்டு யாராவது 62 என்ற எண்ணை அப்படியே தஞ்சாவூருக்கு ஒரு சுற்றறிக்கையாக அனுப்பிவிடுவார்களோ என்ற பயம் எனக்கு உண்டு. தஞ்சாவூரில் ஈரப்பதம் நாள் முழுக்க 62-க்குக் கீழேயே இருக்கும் நாட்களைத்தான் தேடிப்பிடிக்க வேண்டியிருக்கும். 62 என்பது அந்தப் பாறை, அந்த மண், அந்த உப்பு ஆகிய மூன்றும் சேர்ந்து சொன்ன எண். இந்த எண்ணைக் கடன் வாங்க முடியாது. கண்டுபிடித்த வழியை மட்டும்தான் வாங்கலாம்.

வெளியூர் மருந்தை வாங்கிப் பட்ட அனுபவம் நமக்கே இருக்கிறது. 1920-களின் தொடக்கத்தில் அஜந்தா ஓவியங்களைக் காப்பாற்ற ஐதராபாத் நிஜாம் அரசு இத்தாலியிலிருந்து நிபுணர்களை வரவழைத்தது. அவர்கள் உதிரும் பூச்சைப் பல இடங்களில் திறமையாக நிலைநிறுத்தினார்கள். அதை மறுக்கக் கூடாது. கூடவே அரக்கு வார்னிஷும் பூசினார்கள். பூசியபோது வண்ணம் பளிச்சென்று எழுந்தது. காலப்போக்கில் அரக்கு மஞ்சளித்துக் கறுத்தது, தூசியைப் பிடித்தது. அஜந்தாவின் பூச்சு உமியும் நாரும் கலந்த மண். வகோரா ஆற்றின் பள்ளத்தாக்கில் ஆடி, ஆவணி மழையில் அந்த மண் ஈரம் வாங்கும், பிறகு விடும். வாங்கியதை விடவிடாமல் மேலே ஒரு தோல் போர்த்தினால் என்ன ஆகும்? அந்த அரக்கைக் கரைத்து நீக்குவதிலேயே தொல்லியல் துறை வேதியியலாளர்களின் தலைமுறைகள் கழிந்தன.

இன்னொரு உதாரணம் நமக்கு நெருக்கமானது. உதிரும் வண்ணத்தை நிலைநிறுத்த இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்ட பாலிவினைல் அசிடேட் என்ற பிசின், 30 டிகிரியைத் தாண்டினால் இளகத் தொடங்கும் வகை. குளிர்நாட்டுக் கூடத்தில் கெட்டியாக நிற்கும். பங்குனியில் தொடங்கி ஆவணி வரை 30 டிகிரிக்கு மேலேயே இருக்கும் நம் மண்டபங்களில் அது பிசுபிசுப்பாகவே இருக்கும். பறக்கிற தூசியெல்லாம் அதில்தான் உட்காரும். ஓவியம் வருடா வருடம் மங்குகிறது, மறுபடி சுத்தம் செய்ய வேண்டும் என்று கோப்பு நகரும். மங்குவது ஓவியமல்ல, பிசின்.

நம் கோயில்களில் இதைவிடப் பெரிய சேதம் ஓவியத்துக்குச் சம்பந்தமில்லாதவை போலத் தோன்றும் வேலைகளால் வருகிறது. திருவாரூர் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்தன் கதை தீட்டப்பட்டிருக்கிறது. வரைந்தவர் சிங்காதனம் என்று தம் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்; நம் ஓவிய வரலாற்றில் இது அரிதிலும் அரிது. விதானத்து ஓவியத்துக்குக் கூரைதான் தலைவிதி. பழைய மண்டபங்களின் கூரையில் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்டு, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். அந்தத் தளம் கொஞ்சம் ஈரம் வாங்கும், வெயில் வந்ததும் மேல்பக்கமாகவே விட்டுவிடும். ஒழுகுகிறது என்று சொன்னவுடன் இன்றைய பொறியாளர் என்ன செய்கிறார்? மேலே சிமென்ட் கலவையை இடுகிறார். சிமென்ட் சூட்டில் வெடிக்கும். வெடிப்பு வழியாக நீர் இறங்கும். இறங்கிய நீர் மேலே போக வழியின்றிக் கீழே, ஓவியம் இருக்கும் பக்கமாக, சுண்ணாம்பையும் உப்பையும் கரைத்துக்கொண்டு வரும். சிமென்டிலேயே கரையும் உப்புகள் உண்டு என்பது கூடுதல் சீதனம்.

தரையிலும் இதே கதை. திருப்பணி என்றாலே பளபளக்கும் கிரானைட் பதிக்க வேண்டும் என்ற மோகம் உபயதாரர்களைப் பிடித்து ஆட்டுகிறது. மண்ணிலிருந்து எழும் ஓதம் முன்பு தரைக்கல் இடுக்குகள் வழியாகப் பரவலாக ஆவியாகிப் போனது. இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டால் அது போவதற்கு மிச்சமிருக்கும் ஒரே வழி செங்கல் சுவர். இடுப்பளவு உயரத்தில் ஓவியம் பொரிந்து நிற்கும் சுவர்களைப் பார்த்தால், எதிர்ப்பக்கம் தரையையும் ஒருமுறை குனிந்து பாருங்கள்.

வௌவால்களையும் சொல்லியாக வேண்டும். அவற்றின் எச்சத்திலிருந்து நைட்ரேட் உப்புகள் சுவரில் ஏறுகின்றன. கால்சியம் நைட்ரேட் 50 சதவீத ஈரப்பதத்திலேயே நீர் இழுக்கும். நம் கடலோரக் காற்றில் அது காய்வதே அபூர்வம். ஒழுக்கே இல்லாத சுவர் ஏன் எப்போதும் கறுத்து நசநசவென்று இருக்கிறது என்று திகைக்கிற பலருக்கு விடை கூரை இடுக்கில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருக்கும். திருப்புடைமருதூர் கோபுரத்தைப் போல, நிலைகளுக்கு உள்ளே ஓவியமும் மரச்சிற்பமுமாக இருக்கும் இடங்களில் வௌவாலையும் தடுக்க வேண்டும், காற்றையும் தடுக்கக் கூடாது. வலைக்கண்ணியின் அளவில் இருக்கிறது சூட்சுமம். இரும்புக் கதவைச் சாத்திப் பூட்டுவதில் இல்லை.

அப்படியானால் ஏ.சி. போட்டுவிடலாமே என்று யோசனை சொல்பவர்கள் உண்டு. கண்ணாடி போட்டு மூடலாம் என்பவர்களும் உண்டு. காலை பத்து மணிக்குப் போட்டு மாலை ஆறு மணிக்கு அணைத்துப் பூட்டிவிட்டுப் போகும் ஏ.சி., ஈரப்பதத்தைத் தினமும் ஒருமுறை இறக்கி ஒருமுறை ஏற்றும் இயந்திரம்; உப்புக்கு அதைவிடத் தோதான ஏற்பாட்டை யாரும் கண்டுபிடிக்க முடியாது. மின்தடையை நான் சேர்க்கவேயில்லை. சுவரை ஒட்டிக் கண்ணாடி வைத்தால் பின்னால் காற்று தேங்கிப் பூஞ்சைக்குப் பண்ணையாகும். பிரான்ஸின் லாஸ்கோ குகையை 1963-ல் பொதுமக்களுக்கு மூடினார்கள். அத்தனை கண்காணிப்புக்குப் பிறகும், காற்றுக் கட்டுப்பாட்டு இயந்திரத்தை மாற்றியதை ஒட்டி 2001-ல் உள்ளே வெண்பூஞ்சை பரவியது. செல்வந்த நாட்டில், ஆள் நடமாட்டமே இல்லாத குகையில் அந்தப் பாடு. நம்முடையவை வழிபாடு நடக்கும் இடங்கள். விளக்கு எரியும், கற்பூரம் எரியும், திருவிழா வரும். அவற்றோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

யோசிக்க நேரமும் குறைந்துகொண்டு வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டை என்று ஓவியக் கோயில்கள் நிறைந்த மாவட்டங்களின் மேலேயே நடந்துபோனது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது, தாமிரபரணி கரைபுரண்டது. நம் முன்னோர் கொடுங்கையை எவ்வளவு நீட்ட வேண்டும், தளத்துக்கு எவ்வளவு வாட்டம் கொடுக்க வேண்டும், எத்தனை தூம்பு வைக்க வேண்டும் என்று தங்கள் காலத்து மழையைப் பார்த்து அளந்தார்கள். ஒரு மாதத்து மழை ஒரே நாளில் கொட்டும் காலத்துக்கு அந்தத் தூம்புகள் போதுமா என்று எந்தக் கோயிலில் யார் கணக்குப் பார்த்திருக்கிறார்கள்? தூம்பு வாயில் அரசமரக் கன்று முளைத்திருந்தால் பழைய மழைக்கே போதாது.

செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் மணிக்கொரு முறை தானே பதிந்துகொள்ளும் கையடக்கக் கருவி சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஓவியத்தின் உயரத்தில் ஒன்று, வெளியே நிழலில் ஒன்று, சுவர்ப்பரப்பின் வெப்பத்தை அறிய ஒன்று. முழுதாக இரண்டு ஆண்டுகள் ஓடட்டும். ஒரே ஆண்டு என்றால் அந்த ஆண்டு மழை பொய்த்திருக்கலாம். குளிர்ந்து கிடக்கும் கருங்கல்லின் மேல் மாசி மாதத்து ஈரக் காற்று பட்டு, மழையே இல்லாமல் சுவர் வியர்க்கும் நாட்கள் அந்தப் பதிவில்தான் வெளிப்படும். அந்தந்த ஊர்க் கல்லூரியின் இயற்பியல் மாணவர்கள் மாதம் ஒருமுறை போய்ப் பதிவை எடுத்துவரலாம். உப்பின் வகையைச் சொல்ல எழும்பூர் அருங்காட்சியகத்தின் வேதியியல் கூடம் இருக்கிறது. பரமசிவன் வேலை பார்த்த இடம்தான். இந்தப் பதிவு இல்லாமல் எந்த ஓவியத்திலும் ரசாயனம் பூச அனுமதியில்லை என்று ஒற்றை விதி செய்தால் போதும். தமிழ்நாடு மரபுச் சின்னங்கள் ஆணையத்துக்கான சட்டம் 2012-ல் இயற்றப்பட்டு, நடைமுறைக்கு வரவே பத்தாண்டுக்கு மேல் ஆனது. அந்த ஆணையம் பிறப்பிக்கும் முதல் விதிகளில் ஒன்றாக இது இருக்கட்டும்.

அடுத்தது நாள்காட்டி. நிதியாண்டு ஏப்ரலில் பிறக்கிறது. மதிப்பீடு, ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி என்று சுற்றி முடித்துச் சாரம் கட்டும்போது பெரும்பாலும் புரட்டாசி வந்துவிடும். சுண்ணாம்புத் தளம் மெல்ல இறுக வாரக்கணக்கில் அவகாசம் கேட்கும். தலைமேல் மழையை வைத்துக்கொண்டு யாரும் அதற்குக் காத்திருக்க மாட்டார்கள், ஒரே நாளில் இறுகும் சிமென்டைத்தான் எடுப்பார்கள். அதேபோல் மழை ஓய்ந்து சுவர் காய்ந்து, உள்ளிருக்கும் உப்பு வெளியே வந்து முடிவதற்கு மாசியாவது ஆகும். அதற்கு முன்பே, நிதி திரும்பிப் போய்விடும் என்ற அவசரத்தில், தையிலேயே ஓவியத்தை ஒட்டும் வேலையை முடித்தால் ஈரத்தையும் உப்பையும் உள்ளே வைத்துத் தைத்த மாதிரிதான். டெல்டாவில் கூரை வேலைக்குச் சித்திரை முதல் ஆடி வரை, ஓவிய வேலைக்கு மாசியும் பங்குனியும். குற்றாலத்தில் ஆனி பிறந்தால் சாரல் வந்துவிடும் என்பதால் அங்கே கூரையைச் சித்திரைக்குள் முடித்தாக வேண்டும். ராமநாதபுரத்துக் கணக்கு இரண்டிலும் சேராது, அங்கே காற்று திரும்பும் மாதத்தைப் பார்க்க வேண்டும். இத்தனை ஊருக்கும் சென்னையிலிருந்து ஒரே ஒப்பந்தப்புள்ளித் தேதி அறிவிக்கும் வழக்கத்தை வரும் நிதியாண்டிலேயே நிறுத்தலாம். அதற்குக் கருவிகூட வாங்க வேண்டியதில்லை.